டிஷ் திருப்ப இரண்டு பேர்

ஓசூர்
22-1-2025

அன்புள்ள ரெங்கநாயகிக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று வித்யா சொன்னாள். இருந்தாலும் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். நாம் போனில் பேசும் லட்சணம் நம் மேலூர் ரோட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். நீ கத்துவாய், நான் "என்ன? என்ன?" என்பேன், நீ வைத்துவிடுவாய். முப்பத்தாறு வருஷம் சம்மட்டி மெஷின்களுக்கு நடுவில் நின்ற காது, அதற்கு மேல் என்ன செய்யும். காதில் மாட்டும் மெஷின் வண்டி டிராயரில் இருக்கிறது. மாட்டினால் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

வண்டி வித்யா வீட்டு வாசலில் நிற்கிறது. பழைய ஆம்புலன்ஸ் என்பது பெயின்ட் அடித்தும் தெரிகிறது போல. எதிர்வீட்டுக்காரர் வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு ஒரே வெட்கம். உள்ளே கூட்டிப்போய் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் காட்டினேன். "மாமா, நீங்களே பண்ணினதா?" என்று ஆச்சரியப்பட்டார். ஒன்றரை வருஷம் திருவெறும்பூர் ஷெட்டில் கிடந்து செய்தது வீண்போகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் ஊர் சுற்ற நீ கூட வராததற்குச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "அதுல டிவி வராது. எட்டு மணிக்கு நான் என்ன பண்றது?" அதற்காகத்தான் கூரையில் டிஷ் மாட்டினேன். கிளம்புகிற அன்றைக்கும் நீ வாசலுக்கு வரவில்லை, ஜன்னலில் இருந்தபடியே "டிவி வந்தா பாக்கலாம்" என்றாய். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். படம் வந்தால் நீ வருகிறாய். அப்படித்தானே?

ஆனால் படம் வரவில்லை. இந்த ஊருக்கு அறுபத்தாறு டிகிரி ஏற்றம் என்று கணக்குப் போட்டு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கோணமானியை டிஷ் முகத்தில் வைத்து அளந்துதான் முடுக்கினேன். ஒன்றுமில்லை. இது தனி ஆள் வேலை இல்லை, ரெங்கா. கூரையில் ஏறித் துளி திருப்ப வேண்டும், இறங்கி வந்து டிவியைப் பார்க்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். பதினான்கு தடவை ஏறி இறங்கினேன். வித்யாவைக் கீழே நிறுத்தி "வந்தா சொல்லு" என்றேன். அவள் என்னவோ சொன்னாள், எனக்குத்தான் கேட்கவில்லை. சிக்னல் கிடைத்தால் கூவும் சின்ன மீட்டரும் வாங்கினேன். அது கூவுவதும் கேட்கவில்லை.

மன்னார்புரம் போனால் டிஷ் கடை நிஜாமுதீனிடம் என்ன தப்பு என்று கேட்டு எழுது. அடுத்து ஹோஸ்பேட். தலைமைத் தபால் நிலையம், வந்து வாங்கிக்கொள்வார் என்று எழுதிப் போடு.

உன்
நவநீதன்


ஸ்ரீரங்கம்
30-1-2025

அன்புள்ள வித்யா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் கையெழுத்து கேட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறேன்.

மன்னார்புரத்துக்கு நான் எதற்குப் போகப்போகிறேன்? நீங்கள் சொன்னதற்காகவே ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். வெயில் இப்போதே சுள்ளென்று அடிக்கிறது. நிஜாமுதீன் பாய் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணன் டிஷ்ஷோட முகத்தை அளந்தாரா? அங்கதாங்க்கா எல்லாரும் ஏமாறுவாங்க. முகம் பாக்குறது ஒரு இடம், அது பிடிக்கிறது அதுக்கும் மேல இருபத்தி நாலு டிகிரி. முகத்தை அறுபத்தாறுல வெச்சா அது உச்சி வானத்தைல்ல பாத்துக்கிட்டு இருக்கும்" என்றார். பின்னால் தாங்கும் கம்பியில் கோடு போட்டு நம்பர் இருக்குமாம், அதைத்தான் பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் வண்டி மட்டமாக நிற்க வேண்டுமாம். டயருக்கு அடியில் பலகை கொடுத்து, தண்ணீர் மட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னார். வண்டி சாய்ந்திருந்தால் எந்த நம்பருக்கும் அர்த்தமில்லையாம். தென்கிழக்கில் மரம், கட்டடம் எதுவும் மறைக்கக் கூடாதாம். நான் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து அப்படியே இறக்கியிருக்கிறேன், புரிந்து எழுதவில்லை.

"அக்கா, நீங்க எப்ப போறீங்க?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

இங்கே பின்கட்டுக் குழாய் ஒழுகியது, ஆள் வந்து சரி செய்துவிட்டான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் நாலு மணி வரைக்கும் தூங்குகிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தூங்குகிறேன்.

மலைப்பாதையில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெங்கநாயகி


ஹோஸ்பேட்
16-2-2025

அன்புள்ள ரெங்காவுக்கு,

கடிதத்தைத் தபால் நிலையத்தில் வாங்கி அங்கேயே நின்று மூன்று தடவை படித்தேன். நீ எழுதினது அப்படியே புரிந்தது. முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் எந்தப் பக்கத்தை அளப்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன் பார். பழைய செக்‌ஷன் ஆட்களிடம் சொல்லிவிடாதே.

இங்கே பெட்ரோல் பங்க் ஓரமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். பலகை போட்டு வண்டியை மட்டமாக்கினேன். இந்த ஊருக்கு அறுபத்து மூன்று. வடக்கே போகப் போக டிஷ் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை குனிகிறது. காது விஷயத்துக்கும் வழி கண்டுபிடித்தேன். பங்க்கில் பிச்சமுத்து என்று நம்ம பக்கத்து ஆள், துறையூர்க்காரர், இருபது வருஷமாக இங்கேயே இருக்கிறார். அவர் கையில் சிவப்புத் துண்டைக் கொடுத்து, டிவி முன்னால் உட்காரவைத்து, "பச்சைக் கோடு ஏறினா துண்டை வெளிய நீட்டி ஆட்டுங்க" என்றேன்.

ஆட்டினார். நான் கூரையில் குதிக்காத குறை. திருகாணியை எல்லாம் முடுக்கிவிட்டு இறங்கி வந்து பார்த்தால் ஸ்ட்ரெங்த் எண்பது, குவாலிட்டி சைபர். டிஷ் வேறு எதையோ பிடித்து வைத்திருக்கிறது. அவரைக் கேட்டால், "ஏறிச்சுங்களே, நீங்க ரெண்டு கோடுன்னு சொல்லவே இல்லையே" என்கிறார். நியாயம்தான். மறுநாள் அவருக்கு வேறு ஷிஃப்ட்.

விட மாட்டேன். சாயங்காலம் எட்டு மணி ஆனால் உன் ஞாபகம் வந்துவிடுகிறது. கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஓவர்டைம் முடிந்து வருவேனே, தெருமுனையிலேயே டிவி சத்தம் கேட்கும். எனக்கே கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் என்று நினைத்துப் பார். அம்மா கட்டிலில், நீ கீழே கறிகாய் நறுக்கிக்கொண்டு. மாமியாரும் மருமகளும் ஒரே சீரியலைப் பதினொரு வருஷம் பார்த்தது நம் வீட்டில்தான் இருக்கும். அம்மா போன பிறகு உனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு அது. அதை நான் பறித்துக்கொண்டு ஊர் சுற்றினால் எப்படி?

அடுத்து சோலாப்பூர். அங்கே நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை, வண்டி நிறுத்தப் பெரிய இடம் இருக்கிறதாம். கடை முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன்
நவநீதன்

மாத்திரை இருக்கிறது.


ஸ்ரீரங்கம்
25-2-2025

அன்புள்ள வித்யா அப்பாவுக்கு,

நலம்தான். எழுதுவதற்குப் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. அது நல்ல செய்தி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரு தடவை சமைக்கிறேன், ராத்திரிக்கு மோர் சாதம். காந்தி மார்க்கெட் பக்கம் போய் மூன்று மாசம் ஆகிறது. கூடையோடு வாசலில் வருகிறவரிடம் கால் கிலோ வாங்கினால் இரண்டு நாள் ஓடுகிறது. கழுவிக் கவிழ்த்தால் மொத்தம் நாலு பாத்திரம். ஒரு நாள் மழைத் தூறலில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகவும் எழுந்து வர வேண்டியிருக்கவில்லை. குளிர ஆரம்பித்ததும் எழுந்து வந்தேன்.

வித்யா போனில், "அப்பா பாவம்மா, அந்த டிஷ்ஷோட தினம் மல்லுக்கட்டுறார்" என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. கூரையில் ஏறும்போது கால் வழுக்கப்போகிறது. வயசு அறுபத்தொன்று. அவ்வளவு பாடுபட வேண்டாம். வராவிட்டால் வராமல் போகட்டும்.

உண்மையைச் சொன்னால், அது சரியாகிவிடுமோ என்றுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.

ரெங்கநாயகி


சோலாப்பூர்
14-3-2025

என் அன்பு ரெங்காவுக்கு,

படம் வந்துவிட்டது!

எப்படி என்று சொல்கிறேன். முகம் மழிக்கும் கண்ணாடியை வண்டிக் கதவில் சாய்வாகக் கட்டினேன். டிவியைக் கதவைப் பார்க்கத் திருப்பினேன். ஏணியின் மேல்படியில் நின்று தலையைச் சாய்த்தால் கண்ணாடியில் டிவி தெரிகிறது. கேட்கவும் வேண்டாம், யாரும் சொல்லவும் வேண்டாம். அறுபத்தோரு டிகிரியில் கம்பியை முடுக்கிவிட்டு, டிஷ்ஷைத் தென்கிழக்கில் நூல் நூலாக நகர்த்தினேன். ஒரு நகர்த்தல், பத்து எண்ணிக்கை காத்திருத்தல், மறுபடி ஒரு நகர்த்தல். அந்தப் பெட்டி மெதுவாகத்தான் யோசிக்கும், நாம்தான் அவசரப்பட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். நாற்பது நிமிஷம். குவாலிட்டிக் கோடு சடாரென்று எழுபத்திரண்டுக்கு ஏறியது. கையைப் பிடித்தாற்போல் நிறுத்திவிட்டேன்.

அன்றைக்கே எட்டு மணிக்கு உன் சீரியலை முழுசாகப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மூத்த மருமகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். மாமியார் வாசலில் மயங்கி விழுந்தாள். விழுந்தவளை நாலு பக்கத்திலிருந்தும் காட்டினார்கள். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் விளக்குவாய்.

ரெங்கா, இனி நீ சொல்வதற்கு ஒரு காரணமும் பாக்கி இல்லை. ஏப்ரல் 12-ஆம் தேதிக்கு உனக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், கீழ் பெர்த். வித்யா போனுக்கு வரும். நான் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். வண்டியில் அடுப்பு இரண்டு பர்னர், மேடை உன் உயரத்துக்கு அளந்து போட்டது. தண்ணீர் எழுபது லிட்டர். இரண்டு பேருக்குச் சமைக்கத் தாராளம். கடை வாசலில் ஒரு மாசத்துக்கு மேலேயும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ வந்த பிறகுதான் இங்கிருந்து கிளம்புவேன்.

உன்
நவநீதன்


ஸ்ரீரங்கம்
21-3-2025

அன்புள்ள வித்யா அப்பாவுக்கு,

டிக்கெட் வந்தது. வித்யாவிடம் சொல்லி ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

எனக்கு அந்தச் சீரியல் பிடிக்காது. அது மட்டுமில்லை, எந்தச் சீரியலும் பிடிக்காது. உங்கள் அம்மாவுக்குத்தான் அது வேண்டும். வாதம் வந்து படுத்ததிலிருந்து அத்தைக்கு அறையில் சத்தம் இல்லாவிட்டால் பயம். "பொன்னுத்தாய் செத்துட்டான்னு நினைச்சுட்டியாடி?" என்று தன் பேரையே சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் டிவி ஓடும், எட்டு மணிக்குச் சத்தம் இன்னும் கூட வேண்டும். நான் கீழே உட்கார்ந்து கறிகாய் நறுக்கியதைப் பார்த்தேன் என்கிறீர்களே, நான் டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். பதினொரு வருஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தேன். அத்தையைக் குறை சொல்லவில்லை. அவர்கள் என்ன செய்வார்கள்? பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு டிவி வயரைப் பிடுங்கினேன். வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் தட்டிக்கொடுத்து, "அம்மா நினைப்பா?" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்ரீரங்கம் வீட்டில் டிவியே கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்றைக்கே அதைப் பக்கத்து வீட்டு சாரா பீவிக்குக் கொடுத்துவிட்டேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும், இரண்டு மாசத்துக்கு மேல், நீங்கள் இந்த வீட்டில் இருந்தீர்கள். காலையில் ஷெட்டுக்குப் போவீர்கள், சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டு வண்டிக்குப் படம் போடுவீர்கள். டிவி எங்கே என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அப்படியிருக்க, அதற்காக டிஷ் மாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தப்பு என்னுடையதும்தான். அதில் டிவி வராது என்று சும்மா சொல்லிவிட்டேன். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பீர்கள், ரத்தம் டெஸ்ட் எடுப்போம் என்பீர்கள். இது படுத்து எழுந்தால் போகிற களைப்பு இல்லை. பத்தொன்பது வயசில் பிடித்த கரண்டி. மேடையை என் உயரத்துக்கு அளந்து போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கடிதத்தை மடித்துத் தள்ளி வைத்துவிட்டேன். ஊர் ஊராகப் போனாலும் நான் பார்க்கப்போவது அந்த இரண்டு பர்னரைத்தான். நீங்கள் ஜன்னலில் வடக்கு தெற்கு பார்ப்பீர்கள், நான் குக்கர் விசில் எண்ணுவேன்.

உங்கள் மேல் வெறுப்பு இல்லை. இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் என்னால் வர முடியாது. இனி யாருக்கும் சாப்பாடு ஆச்சா என்று கேட்கவும் முடியாது. இதற்கு நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் சரி.

ரெங்கநாயகி


சோலாப்பூர்
6-4-2025

அன்புள்ள ரெங்கநாயகிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுதாதது கோபத்தினால் அல்ல. முதல் இரண்டு நாள் கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை பாடுபட்டது எதற்கு என்று வந்தது. மூன்றாம் நாள், இந்த வீட்டில் டிவி இல்லை என்று நீ எழுதின வரியை மறுபடி படித்தேன். கண்ணை மூடி அந்தக் கூடத்தை நினைத்துப் பார்த்தேன். ஜன்னல் தெரிந்தது, என் நாற்காலி தெரிந்தது, நான் படம் போட்ட மேஜை தெரிந்தது. மற்ற சுவரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. ஒரு போல்ட்டில் நூலிழை பிசகினால் திருப்பி அனுப்பியவன் நான்.

பிறகு ஒன்று செய்தேன். சிரிக்காதே. ஒரு வாரம் கடையில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நானே சமைத்தேன். காதில் மெஷினை மாட்டிக்கொண்டு, டிவியை முழுச் சத்தத்தில் வைத்து, அதற்கு முதுகைக் காட்டிக் காய் நறுக்கினேன். முதல் நாள் இருபத்தைந்து நிமிஷம் தாங்கினேன். நாலாம் நாள் தலை விண்ணென்று தெறித்தது, கையில் இருந்த கத்தியை வீசியெறிந்துவிட்டேன். எனக்கு ஒரு வாரம், அதிலும் புரட்டிப் படுக்கவைக்க யாரும் இல்லை. நான் ஷிஃப்ட் முடிந்து வந்து கேட்டதெல்லாம் "அம்மா சாப்டாங்களா?" என்பது ஒன்றுதான். நீ சாப்பிட்டாயா என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் சொல். எனக்கு ஆறுதலாக இருக்கும்.

டிஷ்ஷைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் கூரையில், அவர் மனைவி கீழே. அவள் "இடது பக்கம், இன்னும் இடது, போதும்" என்று அவர்கள் பாஷையில் கத்துகிறாள், அவர் திருப்புகிறார். பத்தே நிமிஷத்தில் படம் வந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உன்னை இனி வா என்று கூப்பிட மாட்டேன். ஆனால் எனக்கு இனிமேல் எங்கே போவது என்று தெரியவில்லை, ரெங்கா. வடக்கே போக ஆசை இல்லை. தெற்கே திரும்பினால் உன் அமைதியைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீ தள்ளி இரு என்றால் இருப்பேன். வித்யாவிடம் சொல்லி அனுப்பாதே, நீயே எழுது. அதுவரை இங்கே இருக்கிறேன்.

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். நன்றாக இல்லை, ஆனால் ரசம் என்று தெரிகிறது.

நவநீதன்


ஸ்ரீரங்கம்
15-4-2025

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு தடவை கேட்டிருக்கிறீர்கள். வித்யா பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, "நீ சாப்டியா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றதும் ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தீர்கள். ஆறுதலாக இருக்கும் என்றீர்களே, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தேன். வீட்டுக்குள் உடனே வரச்சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கால் தானாக அடுப்பங்கரைக்கு நடக்கும், எனக்கு என்னைத் தெரியும். வர வேண்டாம் என்று எழுதவும் கை வரவில்லை.

அதனால் வண்டியோடு வாருங்கள். கொல்லைப்பக்கம் தென்னை மரத்தடியில் நிறுத்த இடம் இருக்கிறது, வேலியைக் கொஞ்சம் பிரித்தால் போதும். நீங்கள் வண்டியில் இருங்கள், நான் வீட்டில் இருக்கிறேன். உங்கள் அடுப்பில் நீங்கள் சமையுங்கள். மேடை என் உயரத்துக்கு இருந்தால் உங்களுக்கு முதுகு வலிக்கும், அடியில் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். மத்தியானம் நாலு மணி வரைக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது. காதில் மெஷினை மாட்டியிருங்கள், நான் இனி கத்திப் பேச மாட்டேன். ஊர் சுற்ற ஆசை வந்தால் போய்விட்டு வாருங்கள். எப்போதாவது ஓட்டலில் சாப்பிடுகிற ஊராக இருந்தால் நானும் கூட வருகிறேனா என்று கேளுங்கள்.

சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னால் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வருவேன். எனக்கும் ஒரு தட்டு வையுங்கள்.

ரசத்தில் உப்பைக் குறைத்துப் போடுங்கள். எனக்கு இரண்டு வருஷமாக பிரஷர் இருக்கிறது. உங்களிடம் இதுவரை சொல்லவில்லை.

ரெங்கநாயகி